முதல் மழை வரைக்கும்

ஏழாயிரம்பண்ணை பஸ்ஸில், ஸ்டாப்பை விட்டுவிடுவேனோ என்ற பயத்தில் கம்பியைப் பிடித்து நின்றிருந்தேன். பக்கத்து சீட்டில் தீப்பெட்டி ஆபீசுக்குப் போகும் இரண்டு பெண்கள்.

"கிழக்குத் திமோருங்கிற நாட்டுக்கும் எம் மகளுக்கும் ஒரே வயசுக்கா," என்றாள் சின்னவள்.

"அந்தப் புது நாட்டுக்கு உம் புருசன் எதுக்குடி போறாரு?"

"தீப்பெட்டிக் கம்பெனி தொறக்காகளாம். இவுகதான் ஃபோர்மேன்."

"அங்கன மழை எம்புட்டு?"

"வருசத்துல பாதி ஊத்துமாம். மக செல்லுல பார்த்துச் சொன்னா."

"அப்புறம் குச்சி எங்கன காயும்? நம்ம வறக்காட்டு வெயில நம்பித்தானடி இந்தத் தொழிலே இங்கன வந்துச்சு. கம்பெனி படுத்துருமே! அவருகிட்டச் சொன்னியா?"

"சொல்லல."

"ஏன்டி?"

"இருவது வருசமா இங்கன யாரும் அவுகள ஃபோர்மேன் ஆக்கல. முதல் மழை வரைக்குமாவது இருக்கட்டும்க்கா."