ஒன்பதாவது டேக்

2024 ஆகஸ்ட் மூன்றாம் தேதி, சனிக்கிழமை, செம்பூர் திலக் நகரில் உள்ள என் ஒலிப்பதிவுக் கூடத்தில் ‘ஓவர்லாக்’ என்ற ராக் குழு தன் முதல் ஆல்பத்தின் கடைசிப் பாட்டைப் பதிவு செய்தது.

எந்த மொழியில் வேண்டுமானாலும் எழுதித் தரலாம் என்றீர்கள், இன்ஸ்பெக்டர். மராத்தி எனக்குப் பேச வரும், எழுத வராது. ஆங்கிலத்தில் எழுதினால் மன்னிப்புக் கேட்கும் தொனி தானாக வந்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் தமிழில் எழுதுகிறேன். மொழிபெயர்க்க நல்ல ஆளாகப் பிடியுங்கள். தாராவியிலிருந்து யாரையாவது கூப்பிட்டு வாசிக்கச் சொல்லாதீர்கள். அங்கே தமிழ் பேசத்தான் ஆள் உண்டு.

என் பெயர் ஆதித்யன். மாட்டுங்காவில் பிறந்து வளர்ந்தவன். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் ரயில்வேயிலோ வங்கியிலோ வேலை, எல்லோருக்கும் நல்ல காது. எனக்குக் காது கொஞ்சம் கூடுதலாக அமைந்துவிட்டது. அதை வைத்துத்தான் பிழைக்கிறேன்.

என் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு. பாடுகிறவர் கண்ணாடிக்கு அந்தப்பக்கம் உள்ள பதிவு அறைக்குள் போகுமுன், சட்டைப்பை, கால்சட்டைப்பை எல்லாவற்றையும் ஒரு எவர்சில்வர் தட்டில் காலி செய்ய வேண்டும். சாவி, சில்லறை, ஃபோன், வளையல். நல்ல மைக் ரயில் பாஸ் துணியில் உரசுவதைக்கூடப் பிடிக்கும். தட்டு என் மேசைமேல், வலக்கைப் பக்கம் இருக்கும். இதில் யாருக்கும் விலக்கு கிடையாது.

ஓவர்லாக் குழுவில் நான்கு பேர். முத்துசெல்வம் பாடுவான். தாராவியில் ஒரு ரெடிமேட் பட்டறையில் துணி ஓரம் அடிக்கும் ஓவர்லாக் மிஷினில் உட்காருகிறவன். குழுவின் பெயர் அங்கிருந்து வந்தது. டிரம்ஸ் வெங்கடேஷ், ஐரோலியில் ஏதோ கம்பெனியில் கம்ப்யூட்டர் முன்னால் வேலை. மற்ற இருவரும் கிடார். அவர்களைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, அவர்கள் வாசிப்பைப் பற்றியும்.

பாட்டுகள் தண்ணீர் டேங்கரைப் பற்றி, லோக்கல் ரயிலைப் பற்றி, சம்பளத்தில் பிடித்தம் செய்த முதலாளி சேட்டைப் பற்றி. பத்திரிகைகள் இதை மண்ணின் குரல் என்று எழுதின. முத்துசெல்வத்துக்குத் தமிழ் எழுத வராது. தமிழ்ப் பாட்டை இந்தி எழுத்தில் தாளில் எழுதி, மைக்குக்கு முன்னால் மாட்டிவைத்துக்கொண்டு பாடினான். மண் எந்த எழுத்தில் வேண்டுமானாலும் கத்தும் போலிருக்கிறது.

அவனுக்கு ஆஸ்துமா. பட்டறையில் பறக்கும் துணித்தூசி அதை நன்றாக வளர்த்துவிட்டிருந்தது. நீல நிற இன்ஹேலர் ஒன்று எப்போதும் சட்டைப்பையில் கிடக்கும். அவர்கள் அதைப் பம்ப் என்பார்கள். முதல் நாளே அது மைக்கில் கேட்டது. நான் தட்டைக் காட்டினேன்.

“அண்ணே, இது மட்டும் கெடக்கட்டுமே. எங்க அக்கா வைவா.”

“தட்டுல போடு.”

“ஏல, போட்டுருல,” என்றான் வெங்கடேஷ். “நீ இளைக்கிற சத்தத்துக்கே தனியா ஒரு டிராக் வேணும். அதுல இது வேற டக்கு டக்குன்னு.”

“நீ மொதல்ல டிரம்ஸ ஒழுங்கா அடில. எங்க பட்டறை மிஷினு ஒன்னவிட நேரா ஓடுது.”

“அரே, அப்ப மிஷினையே கூட்டிட்டு வால. டீயும் கேக்காது, வாயும் பேசாது.”

சிரித்தார்கள். அவர்களுக்குச் சிரிக்கக் காரணம் தேவைப்படுவதில்லை. இந்தப் பேச்சும் பதிவாகியிருக்கிறது. பதிவு அறையில் இருப்பவரும் நானும் பேசிக்கொள்வதற்குத் தனி டிராக் வைத்திருக்கிறேன். பாட்டு ஓடினாலும் நின்றாலும் அது ஓடிக்கொண்டே இருக்கும். நான் எதையும் அழிப்பதில்லை. தவறுகளை அழித்துவிட்டு வேலை செய்கிறவர்களிடம் எனக்கு மரியாதை கிடையாது.

என்னை அண்ணே என்று கூப்பிட்டான். நான் யாருக்கும் அண்ணன் இல்லை. சொல்லிப் பார்த்தேன். ஒரு நாள் சார் என்றான், மறுநாள் மறந்துவிட்டான்.

அவனுக்கு நல்ல குரல்தான். கெடுத்துவைத்திருந்தான். ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு உறுமல், மேடையில் விசில் வாங்கித் தரும் முறுக்கு. மாதக்கணக்காக, “அதை விடு, சும்மாப் பாடு,” என்று சொன்னேன். சும்மாப் பாடுவது எப்படி என்று கேட்டான். அதற்கு என்ன பதில் சொல்வது?

அந்த ஆகஸ்ட் சனிக்கிழமை குழுவில் மற்றவர்கள் வாசித்து முடித்துவிட்டு மத்தியானமே கிளம்பிவிட்டார்கள். குரல் மட்டும் பாக்கி. நானும் முத்துசெல்வமும் இருந்தோம். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பப் பாடவைத்துப் பதிவு செய்வோம், ஒவ்வொரு முறையும் ஒரு டேக். ஒன்பதாவது டேக்கில் அவனுக்கு மூச்சு முட்டிவிட்டது. ஆட்டோ பிடித்து மருத்துவமனைக்குக் கொண்டுபோனேன். கொண்டுவரும்போதே உயிர் இல்லை என்று டாக்டர் சொன்னார். விசாரிக்க வந்த ஹவில்தாரிடம் நான் சொன்னது இவ்வளவுதான். இதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அவன் அக்கா சங்கரேஸ்வரி வடாலாவில் ஒரு மருந்துக்கடையில் பில் போடுகிறவள். கடைக் கோட்டைக் கழற்றாமலேயே ஓடி வந்தாள். உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வந்து என்னிடம் நின்றாள்.

“பம்ப் எங்கண்ணே?”

“அவன் எடுத்துண்டு வரலையேம்மா.”

“நாந்தான் தெனமும் சட்டப்பையில வச்சு அனுப்புவேன். இன்னைக்குக் காலைல வச்சனா, வைக்கலியா? நெனப்பே வர மாட்டேங்குதே.”

“அவசரத்துல மறந்திருப்பே,” என்றேன். ஆறுதலாகத்தான் சொன்னேன்.

அதன் பிறகு அவள் அதை யாரிடமும் மறைக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்தவர்களிடமெல்லாம், நான்தான் பம்ப் வைக்க மறந்துவிட்டேன் என்று தானாகவே சொன்னாளாம். மருந்துக்கடை வேலையை விட்டுவிட்டாள். யாருக்காவது மருந்தை மாற்றிக் கொடுத்துவிடுவோமோ என்று பயமாம். வெங்கடேஷ் வந்து சொன்னான். ஒன்றரை வருஷம் இப்படியே போயிற்று. கேட்டுக்கொண்டேன்.

ஆல்பம் 2025 ஜனவரியில் வந்தது. பாடினவன் செத்துவிட்டதால் நன்றாக ஓடியது. கடைசிப் பாட்டுக்கு நான்காவது டேக்கைப் போட்டிருந்தேன். ஒன்பதாவது பாதியில் நின்றுவிட்டதால் வேறு வழியில்லை. நான்காவது சுமாரான டேக். கேட்டவர்கள் உருகினார்கள். சாவை முன்கூட்டியே உணர்ந்து பாடியிருக்கிறான் என்று ஒருவர் எழுதினார். நான்காவது டேக்குக்கு உருகுகிறவர்கள் குக்கர் விசிலுக்கும் உருகுவார்கள்.

பிறகு ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனியிலிருந்து இரண்டு இளைஞர்கள் வந்தார்கள். வெளிவராத பதிவுகளை எல்லாம் தொகுத்து விற்கலாம் என்றார்கள். வீட்டில் ஃபோனில் பாடிப் பார்த்தது, தப்பாகத் தொடங்கியது, பாதியில் விட்டது. ஒருவன் தொண்டையைச் செருமுவதைக் காசு கொடுத்துக் கேட்க இந்த ஊரில் ஆள் இருக்கிறது. கலந்து முடித்த பாட்டாக வேண்டாம், மூல ஃபைல்களை அப்படியே கொடுங்கள் என்று கேட்டார்கள்.

கொடுத்தேன். ஒன்பதாவது டேக்கைத் தொகுப்பின் கடைசியில் வைத்தேன். பேச்சு டிராக்கை மட்டும் ஊமையாக்கினேன். ஊமையாக்குவது அழிப்பதல்ல, ஒரு பொத்தானை அழுத்தினால் திரும்பக் கேட்கும். ஆனால் யார் அழுத்தப்போகிறார்கள்? டிரம்ஸ் அடித்தவன் டிரம்ஸைக் கேட்பான், கிடார் வாசித்தவன் கிடாரைக் கேட்பான். இத்தனை வருஷத்தில் வேறு மாதிரி ஒருவரையும் நான் பார்த்ததில்லை. தவிர, அந்த டேக்கை மனிதர்கள் கேட்க வேண்டும் என்று விரும்பினேன். அதை மட்டும் மறைத்துவைக்க எனக்கு மனம் வரவில்லை.

வெளியிடுவதற்குச் சங்கரேஸ்வரியின் சம்மதம் வேண்டியிருந்தது. வெங்கடேஷ் அந்த ஃபைல்களை லேப்டாப்பில் எடுத்துக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனான். ஒரு பாட்டைப் போட்டதுமே அவள் நிறுத்தச் சொல்லிவிட்டாளாம்.

“பாட்டு கெடக்கட்டும்ல. அவன் பேசுனது ஏதும் இருந்தா போடு.”

இதை நான் எதிர்பார்க்கவில்லை. பாட்டை விட்டுவிட்டுப் பேச்சைக் கேட்பவர்களை நான் ஒருபோதும் கணக்கில் எடுத்ததில்லை. வெங்கடேஷ் பேச்சு டிராக்குகளை ஒவ்வொன்றாகத் திறந்து போட்டிருக்கிறான். மிஷின், டீ, அந்தக் கிண்டல் எல்லாம் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தார்களாம். கடைசியில் ஒன்பதாவதுக்கு வந்திருக்கிறார்கள்.

அதை நீங்களும் கேட்டிருக்கிறீர்கள். தமிழ் தெரியாததால் விளங்கியிருக்காது. வரிசையாகச் சொல்கிறேன்.

எட்டாவது டேக் முடிந்தபோதே அவனுக்கு இளைப்பு தொடங்கிவிட்டது. “அண்ணே, ரொம்ப இளைக்கு. பம்ப தாங்க,” என்றான். இரு என்று சொல்லிவிட்டு ஒன்பதாவதை ஓடவிட்டேன். இசை வந்ததும் பழக்கத்தில் பாடத் தொடங்கினான். உறுமல் இல்லை. உறுமுவதற்கு மூச்சு இல்லை. முறுக்கு எல்லாம் உதிர்ந்து, ஒவ்வொரு சொல்லையும் அதுதான் கையில் மிச்சமிருக்கும் கடைசிச் சொல் என்பதுபோல் எடுத்து வைத்தான். நான் மாதக்கணக்காகக் கேட்டது அதைத்தான். பத்து வருஷமாக அந்த நாற்காலியில் உட்கார்ந்து பொய்க் குரல்களைப் பதிவு செய்திருக்கிறேன். முதல்முறையாக ஒருவன் நடிக்காமல் பாடினான்.

நடுவில் நிறுத்தினான். “முடியலண்ணே. தட்டுலதான் கெடக்கு பாருங்க, ஒங்க கைப்பக்கம்.” கண்ணாடி வழியாக விரலைக் காட்டினான். பம்ப் என் கைப்பக்கம்தான் இருந்தது.

“நன்னா வந்துண்டிருக்கு. நிறுத்தாதே,” என்றேன்.

கதவுப் பிடியில் கை வைத்தான். கதவு பூட்டியிருக்கவில்லை. உள்ளிருந்து தள்ளினாலே திறக்கும், இதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

“இப்போ வெளியே வந்தேன்னா, இந்த ஆல்பத்தை நான் தொடமாட்டேன். நாலு பேரும் வேற எடம் பாத்துக்கோங்கோ.”

பிடியிலிருந்து கையை எடுத்தான். மைக்குக்குத் திரும்பினான். யாரும் அவனை இழுத்துக்கொண்டுபோய் நிறுத்தவில்லை. அவனாகத்தான் போனான்.

இன்னும் இரண்டு வரி பாடினான். பிறகு கீழே இருந்தான். பாட்டு நின்ற உடனே பதிவை நிறுத்தக் கூடாது, கடைசி ஒலி அடங்கும்வரை ஓடவிட வேண்டும் என்பது தொழில் ஒழுங்கு. ஓடவிட்டேன். அந்த மைக் தரையிலிருந்து வரும் ஒலியையும் நன்றாகவே பிடித்தது. அது அடங்கியது. நிறுத்தினேன். ஃபைலைச் சேமித்தேன். பிறகு கதவைத் திறந்தேன். சாவி, சில்லறை, ஃபோன், ரயில் பாஸ் எல்லாவற்றையும் அவன் சட்டைப்பையில் போட்டேன். பம்பை மட்டும் மேசை இழுப்பறையில் வைத்தேன். தேவையில்லாத கேள்விகள் வரும் என்று தோன்றியது. நீங்கள் அதை அங்கிருந்துதான் எடுத்தீர்கள்.

அந்தப் பதிவைக் கேட்ட மறுநாள் வெங்கடேஷும் சங்கரேஸ்வரியும் கூடத்துக்கு வந்தார்கள். வெங்கடேஷ் என் சட்டைக் காலரைப் பிடித்தான். “சாலே, கைக்கெட்டுற தூரத்துல இருந்துச்சுல்லா? எடுத்துக் குடுத்தா ஒன் கை தேஞ்சு போயிருமாடே?”

“விடுல அவர,” என்றாள் சங்கரேஸ்வரி. “ஸ்டேஷன்ல போயி சொல்லிக்கிடுவோம்.” பிறகு என்னைப் பார்க்காமல், அவனிடமே சொன்னாள். “நான் வச்சிருக்கேன் வெங்கடேசு. அன்னைக்கும் வச்சுத்தான் அனுப்பிருக்கேன். பாத்தியா?”

அதையே மூன்று நான்கு தடவை சொன்னாள். அவ்வளவு பெரிய பதிவில் அவள் காதில் விழுந்தது அது ஒன்றுதான்.

“கடைசி வரைக்கும் கேட்டியாம்மா?” என்று கேட்டேன். “எப்படி இருந்தது?”

வெங்கடேஷை இழுத்துக்கொண்டு வெளியே போனாள். அவளுக்குப் புரிந்திருக்காது.

கொன்றேன் என்ற சொல்லை எழுதித் தரச் சொல்கிறீர்கள். எழுதுகிறேன். முத்துசெல்வத்தை நான் கொன்றேன். அவனைப் பாடகனாக்கியதும் நான்தான். அதையும் மொழிபெயர்ப்பில் விட்டுவிடாமல் சேர்க்கச் சொல்லுங்கள்.

சங்கரேஸ்வரி சம்மதம் தரவில்லை. கம்பெனி அந்தத் தொகுப்பைக் கைவிட்டுவிட்டது. அவள் மறுபடி மருந்துக்கடை வேலைக்குப் போகிறாள் என்று கேள்விப்பட்டேன். ஹார்ட் டிஸ்க் சாட்சிப் பொருளாக உங்கள் பொறுப்பில் இருக்கிறது. ஒன்பதாவது டேக்குக்கு மட்டும் ஒரு நகல் கேட்டு வக்கீல் மூலம் மனு கொடுத்திருந்தேன். போன வாரம் தள்ளுபடி செய்துவிட்டார்கள்.