என் மகளை நம்பாத இருவர்

தலைமை ஏற்றுத் தமிழுக்குத் தோள் கொடுத்து நிற்கும் திரு. பத்மநாதன் அவர்களே! லண்டன் எட்மண்டன் சனிக்கிழமைத் தமிழ்ப் பாடசாலையின் ஏற்றமிகு ஆசிரியப் பெருமக்களே! மழையிலும் மார்கழிக் குளிரிலும் பிள்ளைகளை அழைத்துவந்து, வாசலில் கால் விறைக்கக் காத்துநிற்கும் அன்னையரே! வேலைச் சீருடையைக் கூடக் களையாமல் வந்து பின்வரிசையில் அமர்ந்திருக்கும் தந்தையரே! எப்போது பரிசு தருவார்கள் என்று அந்த மேசையையே பார்த்திருக்கும் அருமைச் செல்வங்களே! உங்கள் அனைவரையும் பெனடிக்ற் என்ற இந்த எளியவன் கைகூப்பி வணங்குகிறேன்.

'கல்வியின் மேன்மை' என்று எனக்குத் தலைப்புத் தந்திருக்கிறார்கள். பத்து நிமிடமும் தந்திருக்கிறார்கள். மேன்மையைப் பேச இங்கே வல்லவர்கள் பலர் உண்டு. நான் சந்தேகத்தைப் பற்றிப் பேசப்போகிறேன். சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். கடிதம் வந்தால் உறையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டுத்தான் திறக்கிற கூட்டமல்லவா நாம்?

சென்ற ஆண்டு, தொண்ணூற்றெட்டு நவம்பர் மாதம். என் மகள் பெர்னடெற்றுக்குப் பதினான்கு வயது. அவளுடைய ஆங்கில ஆசிரியை மிஸ் ஹார்ட்லி, 'காத்திருத்தல்' என்று ஒரு கட்டுரை எழுதச் சொன்னார். மகள் எதை எழுதினாள்? குரொய்டனில் குடிவரவு அலுவலக வரிசையில் நாங்கள் நின்ற நாளை எழுதினாள். தாயின் கையிலிருந்த பத்திரங்கள் நனைந்ததை எழுதினாள். தகப்பன் தன் பெயரையே தடுமாறிச் சொன்னதை எழுதினாள்.

ஆசிரியை அந்தத் தாள்களை வகுப்பின் முன்னே உயர்த்திப் பிடித்து, "இதை உனக்கு எழுதித் தந்தது யார்?" என்று கேட்டார். முப்பது முகங்கள் திரும்பின. என் மகள் எழுந்து போனாள், தாள்களை வாங்கினாள், நான்காகக் கிழித்தாள், ஆசிரியையின் மேசையில் எறிந்தாள். மூன்று நாள் பாடசாலைக்கு வரக்கூடாது என்று அன்றே கடிதம் வந்தது.

இரண்டாம் நாள் இன்னொரு கடிதம். உதவி அதிபர் மிஸ்டர் கோல்மன் எழுதியிருந்தார். புதிதாக ஒரு முறையைப் பரீட்சித்துப் பார்க்கிறார்களாம். தண்டிப்பதற்காக அல்லவாம், உடைந்ததைச் சீர்செய்வதற்காகவாம். எல்லோரும் வட்டமாக அமர்ந்து மனம்விட்டுப் பேசலாமாம்.

மனம்விட்டுப் பேசுவதாம்! யாரிடம்? எதற்கு? பேசியதை எழுதிக்கொள்பவர் யார்? எழுதியது போய்ச் சேரும் இடம் எது? எங்கள் விசா முடிவு இன்னும் வரவில்லை, ஐயா! ஊரில் இராணுவத்தார் என்னையும் ஒருநாள் ஒரு பாடசாலை மைதானத்தில் இருத்தினார்கள். "விசாரித்துவிட்டு விட்டுவிடுவோம்" என்று இனிமையாகத்தான் சொன்னார்கள். அன்று காலையில் அங்கே இருந்தவர்களில் மாலையில் எழுந்து வீடு திரும்பியவர்கள் எத்தனை பேர் என்பது இந்த மண்டபத்தில் சிலருக்குத் தெரியும். அப்படிப்பட்டவனைப் பாடசாலைக்கு வா, இரு, பேசு என்றால், அவன் எதை நினைப்பான்?

தனியாகப் போகவில்லை. ஆங்கிலம் நன்கு தெரிந்த என் நண்பர் அருள்நேசனை அழைத்துப் போனேன். பேருந்திலேயே அவர் சொன்னார்: "அண்ணை, உதிலை ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதேங்கோ."

"வைக்கமாட்டன். நீ கதவுப் பக்கமா இரு," என்றேன் நான்.

ஓர் அறை. ஐந்து நாற்காலிகள். நடுவில் மேசை இல்லை. மிஸ் ஹார்ட்லியின் மடியில் ஒரு கோப்பு. அதற்குள் மகள் கிழித்த தாள்கள், ஒட்டுநாடாவால் பொருத்தப்பட்டு! சாட்சிப் பொருளைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள் என்றே எண்ணினேன்.

கோல்மன் கேள்விகளைத் தொடங்குமுன் நான் குறுக்கிட்டேன். "பிள்ளைகளுக்குச் சட்டம் வைத்திருக்கிறீர்கள். ஆசிரியர்களுக்கு என்ன வைத்திருக்கிறீர்கள்? அதைக் காட்டுங்கள், பிறகு பேசுவோம்" என்று அருள்நேசன் மூலம் கேட்டேன். கோல்மன் சற்றுத் தயங்கினார். அந்தத் தயக்கம் போதாதா எனக்கு? அதில் ஏதோ மறைந்திருக்கிறது என்று முடிவே கட்டிவிட்டேன். எழுந்து போனவர், ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டியிருந்த தாளையே கழற்றிக்கொண்டு வந்தார். 'பணியாளர்களிடம் நாம் எதிர்பார்ப்பவை' என்பது அதன் தலைப்பு. அருள்நேசன் ஒவ்வொரு வரியாக வாசித்தார். நான்காவது வரி இது: எந்த மாணவரையும் மற்றவர்கள் முன்னிலையில் குற்றஞ்சாட்டக்கூடாது, தவறியவர் தாமும் அந்த வட்டத்தில் அமர்ந்து பதில் சொல்லவேண்டும்.

மிஸ் ஹார்ட்லியின் முகம் கழுத்து வரை சிவந்தது.

"இருபது வருடமாகப் படிப்பிக்கிறேன்," என்றார் அவர். "வகுப்பில் வாயே திறக்காத பிள்ளையால் இப்படி எழுத முடியாது என்று நினைத்துவிட்டேன். நினைத்தது பிழை. அதை எல்லோர் முன்னாலும் கேட்டது அதைவிடப் பெரிய பிழை."

மகள் நிமிர்ந்து பார்த்தாள். "நீங்கள் ஒருநாளும் என்னிடம் எதையும் கேட்டதில்லை, மிஸ்," என்றாள்.

வெற்றி! எனக்குள்ளே வெற்றி முரசு! ஆனால் கோல்மன் தன் தாளைப் பார்த்து அடுத்த கேள்வியைக் கேட்டார்: "பெர்னடெற், வேறு யாராவது உன்னை நோகச் செய்தார்களா?"

மகள் என் பக்கம் திரும்பினாள். அவர்களுக்கு விளங்காத மொழியில், தமிழில், சொன்னாள்: "அப்பா, நீங்களும்தானே கேட்டனீங்கள். கடிதம் வந்த அண்டைக்கு, வீட்டுக்கு வந்த ஆக்களுக்கு முன்னாலை, 'எதைப் பாத்து எழுதினனீ?' எண்டு. மிஸ்ஸுக்கு என்னைத் தெரியாது. உங்களுக்குத் தெரியும்."

கோல்மன் அருள்நேசனைப் பார்த்தார். அருள்நேசன் என்னைப் பார்த்தார். "அண்ணை, இதைச் சொல்லட்டோ?"

சொல்லாதே என்றிருக்கலாம். யாருக்குத் தெரியப்போகிறது? அந்த அறையில் ஒளிப்பதற்கு ஏதோ வைத்திருந்தவன் நான் ஒருவன்தான் என்று அப்போது விளங்கியது. "சொல்லு," என்றேன்.

சபையோரே! அதன் பிறகும் நான் நம்பிவிடவில்லை. வகுப்பின் முன்னே தன் தவறைச் சொல்வதாக ஆசிரியை வாக்களித்தார். வெள்ளிக்கிழமை மகள் வீட்டுக்குள் கால் வைக்குமுன் கேட்டேன்: "சொன்னவவோ?"

"ஓம், சொன்னவ. கொஞ்சம் மெதுவாத்தான் சொன்னவ. ஆனா எல்லாருக்கும் கேட்டது."

மூன்று நாள் தடையைப் பதிவேட்டிலிருந்து நீக்குவோம் என்றார்கள். எழுத்தில் தாருங்கள் என்றேன். மூன்று முறை நான் கேட்டெழுதிய பின், ஏழு வாரம் கழித்துத் தந்தார்கள். ஆதலால் சொல்கிறேன், சந்தேகப்படுங்கள்! கடிதத்தைச் சந்தேகியுங்கள்; சட்டத்தைச் சந்தேகியுங்கள்; சிரித்துக்கொண்டு நாற்காலி காட்டுகிறவரையும் சந்தேகியுங்கள்! ஆனால் பெற்ற பிள்ளையிடம் கேள்வி கேட்டால், அவள் பதிலைச் சொல்லி முடிக்கும் வரையாவது வாயை மூடிக்கொண்டிருங்கள்!

செயலாளர் கைக்கடிகாரத்தைத் தட்டுகிறார். தெரிகிறது, ஐயா. ஒன்று கேட்டுவிட்டு முடிக்கிறேன். நம்முடைய இந்தச் சனிக்கிழமைப் பாடசாலையில் ஆசிரியர்களுக்கு அப்படி ஒரு தாள் உண்டா? 'மக்கு' என்று எந்தப் பிள்ளையையும் நாம் இங்கே அழைத்ததில்லையா? ஏன் முன்வரிசை நிலத்தைப் பார்க்கிறது? பின்னாலிருந்து யாரோ 'ஓம், ஓம்' என்கிறார்கள். அந்த அம்மாவுக்கு நன்றி. எழுதுங்கள் ஒரு தாளை. பெற்றோருக்கும் அதில் ஒரு வரி எழுதுங்கள். முதல் கையெழுத்து நான் வைக்கிறேன்.

அந்த வட்டத்தில் என்னிடமும் கேட்டார்கள்: "இதைச் சரிசெய்ய நீங்கள் என்ன செய்வீர்கள்?" எனக்குத் தவணை வேண்டும் என்றேன். நான் மகளிடம் அப்படிக் கேட்ட அன்று என் வீட்டில் இருந்த நான்கு குடும்பங்களும் இன்று இந்த மண்டபத்தில் இருக்கின்றன. அதனால்தான் இந்த மேடையை ஏற்றுக்கொண்டேன்.

பெர்னடெற், மூன்றாம் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு இருக்கிறாய். நிமிர்ந்து பார், மகளே. அந்தக் கட்டுரையை எழுதியது நீ. ஒவ்வொரு சொல்லையும் நீயே எழுதினாய். உன் பதிலைக் கேட்காமலே உன்னைக் குற்றவாளியாக்கியவன் உன் அப்பா. இத்தனை பேர் முன்னிலையில் உன்னிடம் மன்னிப்புக் கேட்கிறேன்.

பொறுமையோடு செவிசாய்த்த பெரியோர்களுக்கும் தாய்மாருக்கும், பரிசுக்குக் காத்திருந்து களைத்த செல்வங்களுக்கும் என் நெஞ்சு நிறைந்த நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.