தொட்டியின் இரண்டாம் பூச்சு

பெயிண்ட் என்றதும் எல்லோரும் மூக்கைப் பிடித்துக்கொள்கிறார்கள், ஐயா. தண்ணீரில் கலக்கும் பெயிண்ட்டுக்கு அப்படியொன்றும் நாற்றம் கிடையாது. வீட்டுச் சுவருக்கு டிஸ்டம்பர், பட்டறையின் வெளிச்சுவருக்கு சிமெண்ட் பெயிண்ட், தண்ணீர்த் தொட்டியின் உட்புறத்துக்குத் தார் எமல்ஷன். ஆரணிச் சாயப்பட்டறைகள் பலவற்றுக்கு நான்தான் அடித்துக் கொடுத்தேன்.

என் தங்கை சகாயம்மாளின் புருஷன் அற்புதராஜ் என்னிடம்தான் தொழில் கற்றான். இருவரும் என் வீட்டிலேயே இருந்தார்கள். அம்மா போன பிறகு எனக்குச் சோறு போட்டது சகாயம்தான். அவளுக்காகவே நான் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பத்தாறில் அவனுக்கு அம்பத்தூரில் ஃபேன் கம்பெனியில் பெயிண்ட் அடிக்கும் வேலை கிடைத்தது.

"ஈஸ்டர் முடிஞ்சதும் சகாயத்தையும் இட்டுகினு போறேன் மச்சான்" என்றான்.

சந்தோஷம் என்றேன். சகாயம் அன்றே பாத்திரங்களைச் சாக்கில் கட்டினாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அப்போது சேத்துப்பட்டு சாலையில் ஒரு சாயப்பட்டறைக்குத் தரைக்கடியில் தொட்டி கட்டியிருந்தார்கள். முதல் பூச்சு எமல்ஷன். இரண்டாம் பூச்சுக்கு நான் வேறு டின் கொண்டுபோனேன். அதுவும் கறுப்புதான். ஆனால் தின்னர் கலந்தது, வெட்டவெளியில் இரும்புக்கு அடிப்பது. மூடிய இடத்தில் அதன் ஆவி ஆளைக் கொல்லும் என்று டின்மேல் ஒட்டியிருந்த தாளில் எழுதியிருந்தது. அந்தத் தாளை ஈரத்துணியால் நனைத்து உரித்து எடுத்திருந்தேன்.

தொட்டிக்குள் இறங்கிய அற்புதராஜ் கேட்டான்: "இன்னா மச்சான், வாசனை ஒரு மாதிரியா கீது?"

"கம்பெனி வேற. தண்ணி பெயிண்ட்தான். ஜல்தியா முடி."

காற்றில் தூசி பறந்தது. ஈரப்பூச்சில் தூசி ஒட்டினால் வேலை கெட்டுவிடும். அதனால் ஏணியை மேலே இழுத்துக்கொண்டு மூடியைச் சாத்தினேன். அதன்மேல் உட்கார்ந்தேன்.

"மச்சான், தலை சுத்துது, தொறங்க" என்றான். கொஞ்ச நேரம் தட்டினான். பிறகு தட்டவில்லை.

விபத்து என்று ஊரே சொன்னது. அடக்கம் முடிந்ததும் சகாயம் அன்று அவன் போட்டிருந்த சட்டையை மோந்து பார்த்தாள்.

"இது தண்ணி பெயிண்ட் வாசனை இல்லியேண்ணா" என்றாள்.

அதற்குப் பிறகு அவள் என்னோடு பேசவில்லை. பேசினால் அவன் நினைப்பு வரும் என்று நானும் வற்புறுத்தவில்லை. வேளாவேளைக்குச் சோறு மட்டும் வைத்தாள். வீடு முன்போலவே ஆகிவிட்டது.

என்மேல் புகார் கொடுத்தது அவள்தான் என்கிறீர்கள். இருக்காது, ஐயா. என்னை விட்டால் அவளுக்கு யார் இருக்கிறார்கள்?