வெளிநாட்டு நம்பர்

ஈஸ்ட் ஹாம் பஸ்ஸில் என் முன்சீட்டில் இரண்டு பெண்கள். மூத்தவர் கையில் பாய்லர் கம்பனியின் கடிதம்.

“இவைக்கு எடுத்து, ஆள் வருமட்டும் போடுற பாட்டைக் கேட்டுக் கேட்டே போனில இருந்த காசு முடிஞ்சுது. ஆள் வந்து ஹலோ சொல்லேக்க கட்டாயிட்டுது. மூண்டு நாளாச் சுடுதண்ணி இல்லை.”

“சைபர் எட்டு நாலில தொடங்கிற நம்பரெண்டால் அப்பிடித்தான் அக்கா, தனிக்காசு பிடிப்பினம். கடிதத்தின்ர பின்பக்கத்தில, வெளிநாட்டில இருந்து எடுக்கிறதுக்கு ஒரு லண்டன் நம்பர் கிடக்கு. அது உங்கட ஃப்ரீ மினிட்ஸுக்குள்ள வரும்.”

“நான் இஞ்ச லண்டனில, இல்ஃபோர்டிலயெல்லே இருக்கிறன்?”

“ஒருத்தரும் கேக்கமாட்டினம். எடுங்கோ.”

எடுத்தார். உடனே ஆள் வந்து, எங்கிருந்து பேசுகிறீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். அக்கா கடிதத்தின் பின்பக்கத்தை ஒருமுறை பார்த்தார்.

“ஃப்ரம் ஜாஃப்னா,” என்றார். “பட் பாய்லர் இன் இல்ஃபோர்ட்.”