பட்டறையின் சிவப்புத் தரை

கடற்கரை மணலில் தரை போடக் கூடாது. அதில் உப்பு இருக்கிறது. ஒரு மாரி தாண்டினால் பூத்து உதிர்ந்துவிடும். ஆற்று மணல்தான் வேண்டும். அதையும் அரித்து, கழுவி, காயவைத்துத்தான் எடுக்க வேண்டும். கல்முனைப் பக்கத்தில் என்னைப்போல் சிவப்புத் தரை போடுகிற மேசன் இல்லை என்று பலர் சொல்லியிருக்கிறார்கள். நானும் மறுத்ததில்லை.

என் கையால் போட்ட தரைகளில் மிக நல்லது சாய்ந்தமருதில், என் தங்கை ஸைனம்புவின் வீட்டுப் பட்டறையில் கிடக்கிறது. அதைப் பற்றி ஊரில் பேசிக்கொள்வது சரியில்லை. யாரிடமாவது ஒழுங்காகச் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது.

எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்குத்தான். உம்மாவும் வாப்பாவும் மவுத்தானபோது ஸைனம்பு சின்னப் பிள்ளை. அவளை வளர்த்ததும் நான், வீடு கட்டியதும் நான். ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தால் அவளுக்குக் காற்று வரும் என்று பார்த்துப் பார்த்து வைத்தேன். வீடு முடிந்த பிறகு எனக்குக் கல்யாணம் பேசி வந்தவர்களை நான் கணக்கெடுக்கவில்லை. எனக்கென்ன குறை? வேலை முடிந்து வந்தால் அவள் சோறு போடுவாள். மீன் ஆக்கினால் தலை எனக்கு. அதை அவள் வேறு யாருக்கும் கொடுத்ததில்லை.

பிறகு மாப்பிள்ளை வந்தார். வீடு கட்டியவன் வெளியே போவதும், மாப்பிள்ளை வந்து குடியேறுவதும் இங்கே வழமை. அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் சந்தைக்குப் பின்னால் ஓர் அறை எடுத்துக்கொண்டேன். மாப்பிள்ளை அதாவுல்லா மர வேலை செய்யும் ஓடாவி, மருதமுனை நெசவுகாரருக்குத் தறி செய்து கொடுப்பார். சிரித்த முகம், வாயில் எப்போதும் பீடி. அவரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தை யாரும் சொன்னதில்லை. அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது. வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு அங்கே சாப்பிடப் போவேன். முதல் வெள்ளிக்கிழமையே மீன் தலை அவருடைய பீங்கானில் இருந்தது. எனக்கு நடுத்துண்டு வைத்தாள். நடுத்துண்டு நல்ல துண்டுதான். விருந்தாளிக்கு அதைத்தான் வைப்பார்கள்.

பெரிய வெள்ளத்துக்கு அடுத்த வருஷம் அவள் என்னிடம் ஒரு காரியம் கேட்டாள்.

“காக்கா, பட்டறைக்கும் நம்மட மண்டபம் மாதிரி சிவப்புத் தர போட்டுத் தாங்க. மணலுக்குள்ள ஆணி உழுந்தா அவர் தேடித் தேடிக் கஷ்டப்படுறார்.”

தனக்கென்று அவள் என்னிடம் எதையும் கேட்டதில்லை. அவருக்காகக் கேட்டாள். நான் ஓம் என்றேன்.

சீமெந்தில் சிவப்புத் தூளைக் கலந்து பூசி, கரண்டியால் அழுத்தி அழுத்தி மினுக்கினேன். முகம் பார்க்கலாம்போல் வந்தது. கிணற்றடியில் கை கழுவிவிட்டுத் திரும்பினால் வாசலோரத்தில் இருவரும் நிற்கிறார்கள். ஈரத் தரையில் அவர் தன் காலைப் பதித்து, பக்கத்தில் அவளுடைய காலையும் பதிக்க வைத்திருந்தார். அவள் சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கோவிக்காதீங்க மச்சான். வீடு உள்ளமட்டும் கிடக்கட்டும்” என்றார்.

அழித்துவிட நேரம் இருந்தது. கரண்டியை எடுத்தேன்.

“வேணாம் காக்கா, அப்பிடியே இரிக்கட்டும்” என்றாள் அவள்.

விட்டுவிட்டேன். என்னோடு இருந்த காலத்தில் அவள் அப்படிச் சிரித்து நான் கண்டதில்லை. இதைப் பொறாமை என்பீர்கள். ஓம், பொறாமைதான். மறைத்து எனக்கு ஆகப்போவது ஒன்றுமில்லை.

தரை இறுகிக் காய்ந்த பிறகு மெழுகு பூச வேண்டும். இல்லாவிட்டால் எண்ணெயும் அழுக்கும் ஊறி நிறம் கெட்டுவிடும். தேன்மெழுகை உருக்கி, மண்ணெண்ணெயில் கரைத்துத் தேய்ப்பது வழக்கம். அன்று நான் பெற்றோலில் கரைத்தேன். சீக்கிரம் காயும் என்று அவரிடம் சொன்னேன். ஜன்னல்களைச் சாத்தி, கதவிடுக்கில் ஈரச் சாக்கை அடைத்தேன். கடற்காற்று மணலைக் கொண்டுவந்து மெழுகில் ஒட்டிவிடும் என்றேன். இரண்டும் உண்மைதான். வார்னிஷோடு பழகியவருக்கு அந்த மணம் வித்தியாசமாகப் படவில்லை.

“மஃரிபு தொழுதிட்டு வந்து பாருங்க மச்சான். லாம்பு வெளிச்சத்திலதான் மினுக்கம் தெரியும்” என்றேன்.

அவர் லாம்போடு போவார் என்று எனக்குத் தெரியும். போக வேண்டும் என்றுதான் சொன்னேன்.

தொழுதுவிட்டு வந்து லாம்பை எடுத்துக்கொண்டு எழுந்தார். ஸைனம்புவும் கூடப் போக எழுந்தாள். பசிக்கிறது, முதலில் சோறு போடு புள்ள என்றேன். பசி என்றால் அவள் தட்டமாட்டாள். சட்டியிலிருந்து மீன் தலையை எடுத்து, கொஞ்சம் யோசித்து, என் பீங்கானில் வைத்தாள். அப்போதுதான் பட்டறைப் பக்கம் அந்தச் சத்தம் கேட்டது. ஈரப் பாயை உதறியதுபோல் இருந்தது.

அவள் ஓடினாள். பட்டறை வாசலில் நான் அவளைப் பிடித்து நிறுத்தினேன். என் கையைக் கடித்தாள், நான் விடவில்லை. உள்ளே அவர் கொஞ்ச நேரம் அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். பிறகு கூப்பிடவில்லை. தங்கச்சியைக் காப்பாற்றிவிட்டான் என்று ஊரார் என்னைப் புகழ்ந்தார்கள். பீடி குடித்துக்கொண்டு போயிருப்பார் என்று அவர்களே முடிவுகட்டினார்கள்.

அவள் இத்தா இருந்தாள். நாலு மாதமும் பத்து நாளும் வெளி ஆண்கள் அவள் முகம் பார்க்கக் கூடாது. உடன்பிறந்தவன் பார்க்கலாம். அந்த வீட்டுக்குள் போய்வர நான் ஒருவன்தான். சந்தை அறையை விட்டுவிட்டு வந்தேன். மீன் வாங்கிக் கொடுத்தேன், தண்ணீர் அள்ளி வைத்தேன். அவள் ஆக்கினாள். தலையை எனக்கே வைத்தாள். அதைப்போல நிம்மதியான காலம் எனக்கு வாய்த்ததில்லை.

தரைக்குப் பெரிய சேதமில்லை. மேலே பிடித்திருந்த கரியைத் தேய்த்துக் கழுவினேன். வாசலோரத்தில் பெரிய பாதத்தை உளியால் கொத்தி எடுத்துவிட்டு, புதுச் சீமெந்து வைத்து ஒட்டுப் போட்டேன். அவளுடைய பாதத்தை விட்டுவைத்தேன். எவ்வளவு கவனமாகக் கலந்தும் ஒட்டு பழைய சிவப்போடு சேரவில்லை. அவள் வந்து அதைப் பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அவளுக்கும் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

இத்தா முடிந்தது. இளம் பெண், சொந்த வீடு. பெரியவர்கள் சும்மா இருப்பார்களா? பாலமுனையில் உதுமாலெவ்வை என்று ஒரு தையல்காரரைப் பேசினார்கள். இவரையும் நல்ல மனிதர் என்றுதான் சொல்கிறார்கள். ஸைனம்பு முதலில் மாட்டேன் என்றாள். பிறகு ஒருநாள் என் முகத்தைப் பார்க்காமல், “இந்த வீட்டில வேற ஒராளும் இரிக்கணும் காக்கா” என்றாள். எனக்குப் பாரமாக இருக்கக் கூடாது என்ற அக்கறையில்தான் அப்படிச் சொல்லியிருப்பாள்.

நேற்று அந்தத் தையல்காரர் வீடு பார்க்க வந்தார். பட்டறையில் தையல் மெஷினைப் போடலாம் என்று சந்தோஷப்பட்டார். வாசலோரத்தில் அந்தச் சின்னப் பாதத்தைக் கண்டு குனிந்து பார்த்தார். சிரித்துக்கொண்டே, பக்கத்திலிருந்த ஒட்டின் மேல் தன் காலை வைத்து அளவு பார்த்தார். உள்ளே நின்ற ஸைனம்புவும் லேசாகச் சிரித்ததை நான் கண்டேன்.

“நல்ல தர காக்கா. இந்த இடம் மட்டும் நிறம் வேறயா இரிக்கி. ஒருக்கா மெழுகு பூசி மினுக்கித் தருவீங்களா?” என்றார்.

“ஓம் மச்சான்” என்றேன்.