டீச்சரம்மாவின் பல்செட்

நைட்டி போட்டுவிடும்போது வலுவில்லாத கையைத்தான் முதலில் நுழைக்க வேண்டும், மேடம். கழற்றும்போது அது கடைசி. இதுகூடத் தெரியாதவளைத்தான் உங்கள் ஏஜென்சி என் லீவு நாளுக்கு அனுப்பியது. சரி, அதை விடுங்கள். நடந்ததைக் கேட்டீர்கள், சொல்கிறேன்.

டீச்சரம்மா ஓய்வுபெற்ற கணக்கு டீச்சர். வாதம் வந்து வலது பக்கம் இழுத்துவிட்டது. பேச்சு மட்டும் தெளிவு, வாய் நீளம். வாரத்தில் ஆறு நாள் நான் பார்த்துக்கொண்டேன். குளியல், மாத்திரை, சாப்பாடு எல்லாம் கடிகாரம் மாதிரி நடக்கும். கரண்டியைக்கூட அவரைத் தொட விட்டதில்லை. அப்படித் தாங்கினேன்.

ஏழாவது நாளுக்கு வந்தவளுக்கு நான் வைத்த பெயர் ஞாயிற்றுக்கிழமைக்காரி. வந்ததும், "அம்மாவுக்கு என்னக்கா பிடிக்கும்?" என்று கேட்டாள். அடுத்த வாரம் அவள் தலைகாட்டக் கூடாது என்று எல்லாவற்றையும் தலைகீழாகச் சொல்லிவைத்தேன். பாட்டு என்றால் உயிர், குளிப்பாட்டும்போது உரக்கப் பாடு. பொத்தானை அவங்களே போட்டுக்கட்டும். நல்லா வம்புக்கு இழு, ரசிப்பாங்க.

திங்கட்கிழமை போனால், டீச்சரம்மா தானே பொத்தான் போட்டுக்கொண்டு, அதிலும் ஒன்று மாறிப்போய், மகாராணி மாதிரி உட்கார்ந்திருக்கிறார்.

"அவ பாட்டுக்குக் கழுதை தேவலை. சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்குது. நீ ஏன் பாட மாட்டேங்கறே?"

எனக்கு வயிறு எரிந்தது. பொத்தான்களை எல்லாம் அவிழ்த்து, ஒழுங்காகப் போட்டுவிட்டேன்.

ஒரு மாதம் கழித்து அவர் மகள் வந்து, "தப்பா எடுத்துக்காதீங்கக்கா, இனிமே அவளையே முழு வாரமும் வெச்சுக்கலாம்னு அம்மா சொல்றாங்க" என்றார். அம்மா அப்படிச் சொல்லியிருக்கவே மாட்டார். எனக்குத் தெரியாதா அவரை?

அந்த ஞாயிறு மதியம் குடையை மறந்துவிட்டதாகச் சொல்லிப் போனேன். டீச்சரம்மா கண்ணை மூடியிருந்தார். பக்கத்தில் தம்ளரில் ஊறிக்கொண்டிருந்த பல்செட்டை எடுத்து, ஞாயிற்றுக்கிழமைக்காரியின் டிபன் பாக்ஸில் போட்டேன். பல்லைக் காணோம் என்று வீடே அல்லோலகல்லோலப்பட்டபோது, பைகளைப் பார்த்துவிடலாமே என்றதும் நான்தான். முதலில் என் பையைத்தான் கொட்டிக் காட்டினேன். நியாயம் என்று ஒன்று இருக்கிறது.

டிபன் பாக்ஸைத் திறந்தால் ஸ்பூனுக்குப் பக்கத்தில் பல்செட் இளித்துக்கொண்டிருந்தது.

"எனக்கு முப்பத்திரண்டும் இருக்குக்கா. இதை வெச்சு நான் என்ன பண்ணப்போறேன்?" என்று அவள் அழுதாள்.

டீச்சரம்மா என்னைக் காட்டி ஏதோ கத்தினார். பல் இல்லாததால் வார்த்தை எல்லாம் வெறும் காற்றாக வந்தது. மகள் என் முகத்தைப் பார்த்தார். "அவளை உடனே அனுப்பச் சொல்றாங்க" என்று விளக்கினேன். டீச்சரம்மா பேச்சு என்னைத் தவிர யாருக்குப் புரியும்?

அவள் போனதும் பல்செட்டை நன்றாகக் கழுவி நானே மாட்டிவிட்டேன். விரலை எடுப்பதற்குள் கடித்துவிட்டார். மகளும் நானும் சேர்ந்து இழுத்தும் விடவில்லை. விட்ட மறு நிமிஷம் கண்டதை எல்லாம் மகளிடம் ஒப்பித்துவிட்டார். மதியம் கண்ணை மூடியிருந்தாரே தவிர, அவர் தூங்கவில்லையாம்.

ஆமாம் மேடம், பல்லை அங்கே வைத்தது நான்தான். அவளைத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டார்களாம், இருக்கட்டும். ஆனால் அவளை ஒருநாளாவது டீச்சரம்மா கடித்திருக்கிறாரா, கேட்டுப் பாருங்கள். எனக்கு நாலு தையல். வேண்டாதவளை யாராவது அவ்வளவு நேரம் விடாமல் வைத்திருப்பார்களா?