பின்கதவு

எங்கள் காரின் பின்கதவு கொஞ்சம் இறுக்கம், ஐயா. மெதுவாகச் சாத்தினால் மூடாது. மெக்கானிக்கிடம் காட்ட வேண்டும் என்று பல நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

தம்பி வயலின் கலைஞன். அதைத் தவிர அவனுக்கு எதுவும் தெரியாது. தெரியாமல் நான்தான் பார்த்துக்கொண்டேன். கச்சேரிப் பணத்தை அவன் பெயரில் பங்குகளில் போட்டேன். ஆரம்பத்தில் படிவத்தை நீட்டினால், வில்லைக்கூடக் கீழே வைக்காமல் "எங்கண்ணே போடணும்?" என்பான். பயிற்சி கெடுகிறதே என்று அவன் கையெழுத்தை நானே போடப் பழகினேன். அவனுடையதைவிட என்னுடையது அழகாக இருக்கும்.

வந்த லாபம் என் வீட்டுக்குப் போனது. குடும்பம் என்றால் அப்படித்தான். வரிக் கணக்கில் காட்டவில்லை. காட்டினால் அவனுக்குத் தெரிந்துவிடும்.

வரி அலுவலகத்திலிருந்து தம்பிக்கு நோட்டீஸ் வந்தது. தனக்கு எதுவும் தெரியாது என்று எழுதிக் கொடுத்தான். அப்படியானால் கையெழுத்து யாருடையது, திங்கட்கிழமை நேரில் வந்து போட்டுக் காட்டு என்றது வரி அலுவலகம்.

எனக்குப் பயமாக இருந்தது. சிறைக்குப் போகும் வயதா எனக்கு?

தம்பிக்கு ஒரு பழக்கம். காரில் ஏறும்போது வயலின் பெட்டியை முதலில் பின்சீட்டில் வைப்பான். பக்கத்தில் உட்கார்ந்து, பிள்ளைக்குப் போடுவதுபோல இடது கையால் அதற்கு பெல்ட் மாட்டுவான். அதுவரை வலது கை வெளியே கதவுச் சட்டத்தைப் பிடித்திருக்கும். முப்பது வருடமாகப் பார்க்கிறேன்.

திங்கட்கிழமை காலை கதவைச் சாத்தினேன். முதல் தடவை சரியாக மூடவில்லை. மறுபடியும் சாத்தினேன்.

இனி கரண்டி பிடிக்கலாம், வில் பிடிக்க முடியாது என்றார் டாக்டர். விசாரணையைத் தள்ளிவைத்தார்கள். எனக்கு மூச்சு வந்தது.

மாலையில் தம்பி கண் திறந்தான். கட்டுப் போட்ட கையைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தான்.

"படிவத்தோட நகலை நம்ம வக்கீல் காட்டினப்பவே கையெழுத்துப் போட்டது நீதான்னு தெரிஞ்சுபோச்சுண்ணே. எல்லாம் என் கையெழுத்துதான்னு இன்னைக்குச் சொல்லிடலாம்னு இருந்தேன். ஒரு வாரமா நீ போடற மாதிரியே போட்டுப் பழகினேன். உன் பிள்ளைங்க என்ன பாவம் பண்ணுச்சு?"

வீட்டுக்கு வந்து அவன் மேஜை இழுப்பறையில் தேடினேன். அவன் பழகிய நாற்பது தாளும் அந்த நகலும் இருந்தன. நகலையும் கடைசித் தாளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் எது என்னுடையது, எது அவனுடையது என்று எனக்கே தெரியவில்லை.

என்னிடம் முன்கூட்டியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், ஐயா. கூடப் பிறந்தவனிடம் மறைத்தால் இப்படித்தான் ஆகும்.